சம்பளமா, விளம்பரக் காசா? அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு கூடைப்பந்துப் பையனை 70 லட்சம் டாலர் கொடுத்து ஒரு கல்லூரி இழுத்துக்கொண்டதாகப் படித்தேன். இவ்வளவு பணம் யார் கஜானாவிலிருந்து வருகிறது?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் படித்தது ஏ.ஜே. டிபான்ட்ஸா பற்றியதாக இருக்கும். யூட்டா பிரெப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சேரப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தார். 70 லட்சம் என்பது செய்திகளில் அடிபட்ட தொகை. ஒப்பந்தத் தாள் வெளியே வரவில்லை. இந்தச் சந்தையில் தொகையை ஊதிச் சொல்வதால் லாபம் அடைகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆகவே எந்த எண்ணையும் கொஞ்சம் கழித்தே படியுங்கள்.

கஜானாவுக்கு வருவோம். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மீது வீரர்கள் போட்ட 'ஹவுஸ்' வழக்குச் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அந்த ஜூலை 1 முதல் கல்லூரிகள் தங்கள் வருமானத்திலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இது ஒரு விளையாட்டுக்கு அல்ல, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. புதிதாகக் கூட்டிய உதவித்தொகைகளில் 25 லட்சம் வரை இதற்குள்ளேயே கழியும். மிச்சம் 1 கோடியே 80 லட்சம். பெரிய கல்லூரிகளில் பரவலாகப் பேசப்படும் பங்கீடு அமெரிக்கக் கால்பந்துக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15 சதவீதம். அப்படிப் பார்த்தால் கூடைப்பந்துக்கு 27 லட்சம். அதையும் 15 பேர் பங்கு போட வேண்டும்.

ஆக ஒருவருக்கே 70 லட்சம் என்றால், பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். நிறுவனங்களின் விளம்பர ஒப்பந்தங்கள் ஒரு வழி. பழைய மாணவர்களும் ரசிகர்களும் சேர்ந்து நடத்தும் 'கலெக்டிவ்' நிதிக்குழுக்கள் இன்னொரு வழி. பெயர், உருவம், தோற்றம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கொடுக்கும் இந்தக் காசைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். இப்போது 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள வெளி ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் வீரர் 'என்.ஐ.எல். கோ' என்ற தளத்தில் பதிய வேண்டும். கொடுப்பவர் கல்லூரியோடு தொடர்புடையவர் என்றால் இரண்டு கேள்விகள் வரும்: இதில் உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா? தொகை சந்தை மதிப்புக்குப் பொருந்துகிறதா? ஒரே ஒரு இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 5 லட்சம் டாலர் என்று எழுதிய தாள் இந்த இடத்தில்தான் மாட்டும். மாட்டினால் ஒப்பந்தத்தைத் திருத்தலாம், கைவிடலாம், தகராறு தீர்க்கும் நடுவரிடம் போகலாம். எதுவும் செய்யாமல் காசை வாங்கிக்கொண்டால் ஆடும் தகுதியே கேள்விக்குறி.

இன்னொரு விஷயம். பிக் ஈஸ்ட் என்ற போட்டிக் கூட்டமைப்பில் உள்ள செயின்ட் ஜான்ஸ், மார்கெட் போன்ற கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்து அணியே கிடையாது. 75 சதவீதத்தை விழுங்கும் அண்ணன் இல்லாத வீட்டில் கூடைப்பந்துக்குத் தட்டு நிறையும். பள்ளி வீரர்கள் இந்தக் கணக்கையும் பார்த்துத்தான் இப்போது கல்லூரி தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேள்வி: இந்த அநியாயமெல்லாம் என்.ஐ.எல். காசுக்கு அனுமதி வந்த 2021-க்குப் பிறகுதானே? அதற்கு முன் பிள்ளைகள் விளையாட்டுக்காகவே விளையாடினார்கள் அல்லவா?
- ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: மன்னிக்கவும் ஐயா, அந்தக் காலத்திலும் காசு இருந்தது. மேஜைக்கு அடியில் கைமாறியது, அவ்வளவுதான்.

2017 செப்டம்பர் 26 அன்று நியூயார்க் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் 10 பேர் மீது வழக்குப் போட்டது. அவர்களில் 4 பேர் கல்லூரி உதவிப் பயிற்சியாளர்கள்; அடிடாஸ் நிர்வாகி ஜேம்ஸ் காட்டோவும் இருந்தார். ஒரு பள்ளி வீரரை லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர்க்க அவர் குடும்பத்துக்கு 1 லட்சம் டாலர் தருவதாகப் பேரம் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. காலணி நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம்? கல்லூரியின் காலணி ஒப்பந்தம் அவர்களுடையது. நாளை அந்தப் பையன் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போனால் அவனுடைய ஒப்பந்தமும் தங்களுக்கே வரும் என்று எதிர்பார்ப்பு. 2018 அக்டோபரில் காட்டோவோடு மெர்ல் கோட், கிறிஸ்டியன் டாக்கின்ஸ் ஆகியோரும் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. தகுதி இழந்த வீரருக்கு உதவித்தொகை கொடுக்க வைத்துப் பல்கலைக்கழகத்தையே ஏமாற்றினார்கள் என்பது அரசுத் தரப்பு வாதம். யாரை ஜெயிக்க வைக்கக் காசு கொடுத்தார்களோ அவர்களே பாதிக்கப்பட்டவர்கள்! சட்டம் சில சமயம் இப்படியும் மூக்கைத் தொடும்.

சின்னத் தொகை என்ன பாடு படுத்தியது என்பதற்கு ஜேம்ஸ் வைஸ்மன். 2017-ல் அவர் குடும்பம் மெம்ஃபிஸ் நகருக்குக் குடிபெயர, அப்போது பள்ளிப் பயிற்சியாளராக இருந்த பென்னி ஹார்டவே 11,500 டாலர் கொடுத்தார். பிறகு ஹார்டவே மெம்ஃபிஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஆனார். வைஸ்மனும் அங்கேயே சேர்ந்தார். ஹார்டவே 2008-ல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 10 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தவர் என்பதால் அவர் 'பூஸ்டர்', அதாவது கல்லூரியின் புரவலர், என்று என்.சி.ஏ.ஏ. கணக்கிட்டது. 2019-ல் வைஸ்மனுக்கு 12 ஆட்டத் தடை, அதோடு 11,500 டாலரைத் தர்மத்துக்குக் கொடுக்கவும் உத்தரவு. அவர் கல்லூரியை விட்டே போனார். அடுத்த வருடம், அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் என்.பி.ஏ. தேர்வில் (டிராஃப்ட்) 2-வது ஆளாக எடுக்கப்பட்டார்.

கேள்வி: பள்ளி வயதில் சம்பளம் வாங்கி ஆடினால் கல்லூரி அணிக் கதவு மூடிவிடுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
- வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: ஆளுக்கு ஒன்று சொல்வதில் ஆச்சரியமில்லை, தீர்ப்புகளே அப்படித்தான் வந்திருக்கின்றன. ஆடியதற்குக் கூலி வேறு, பெயருக்கு வரும் காசு வேறு என்ற கோட்டை மட்டும் மனதில் வையுங்கள். என்.ஐ.எல். கதவு திறந்தது இரண்டாவதற்கு. முதலாவது இன்றும் வழுக்குப் பாறை.

2010-ல் துருக்கியின் எனிஸ் கான்டர் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆட வந்தார். ஃபெனர்பாசே கிளப்பில் அவசியச் செலவுக்கு மேல் 33,033 டாலர் வாங்கியிருந்தார் என்று காரணம் காட்டி நிரந்தரத் தடை. 2021-ல் அட்லான்டாவில் தொடங்கிய 'ஓவர்டைம் எலைட்' 16 வயதுப் பையன்களுக்குக்கூட வருடம் குறைந்தது 1 லட்சம் டாலர் சம்பளம் அறிவித்தது. பள்ளி, கல்லூரி ஆட்டங்களை விட்டுவிட வேண்டும் என்பது அதற்கான விலை. என்.பி.ஏ.வுக்குப் போகாவிட்டால் படிப்புக்கு 1 லட்சம் தருவதாகவும் சொன்னார்கள். அங்கே ஆடிய ஆமென், ஆசார் தாம்ப்சன் இரட்டையர் 2023 தேர்வில் 4-வது, 5-வது இடம். அதே அமைப்பு முதன்முதலில் ஒப்பந்தம் செய்த பியூலி இரட்டையர் சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, 2023-ல் என்.சி.ஏ.ஏ. தகுதி மறுத்தது, வழக்கு வரை போனார்கள். இதற்கிடையே ஓவர்டைம் எலைட்டே சம்பளம் வேண்டாம், உதவித்தொகை போதும் என்ற இரண்டாவது வழியைத் திறந்தது. ராப் டில்லிங்ஹாம் அந்த வழியில்தான் தகுதி கெடாமல் கென்டக்கிக்குப் போனார்.

2025-ல் காற்று திசை மாறியது. என்.பி.ஏ.வுக்கு ஆள் வளர்க்கும் கீழ்நிலை லீக்கான ஜி லீக் 2020-ல் தொடங்கிய 'இக்னைட்' அணி, கல்லூரி தவிர்க்கும் இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே வந்தது. முதலில் சேர்ந்த ஜேலன் கிரீனுக்குச் சுமார் 5 லட்சம் டாலர் என்று செய்தி. கல்லூரியிலேயே காசு கிடைக்கத் தொடங்கியதும் அதற்கு வேலை இல்லாமல் போய், 2024-ல் மூடினார்கள். அங்கே சம்பளம் வாங்கிய தியெரி டார்லன் சான்டா கிளாராவிலும், லண்டன் ஜான்சன் லூயிவில்லிலும் சேர இப்போது அனுமதி கிடைத்திருக்கிறது. கான்டர் இன்று வந்திருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் இந்த அனுமதிகள் ஒவ்வொருவர் விவரத்தையும் தனியாகப் பார்த்துக் கொடுத்தவை. அதை நம்பிப் பதினாறு வயதில் சம்பளத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 17 வயது, பள்ளி அணியில் ஆடுகிறான். ஒரு கடைக்காரர் விளம்பரத்தில் நிற்க 2,000 டாலர் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
- ஒரு தந்தை, ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: டெக்சாஸில் வாங்காதீர்கள். அங்கே 17 வயதான பள்ளி வீரரோடு கல்லூரி ஒப்பந்தம் பேசிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது; காசு கைக்கு வருவது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். பள்ளியில் இருக்கும்போதே விளையாட்டுப் பெயரை வைத்துப் பணம் வாங்கினால் பள்ளி அணியில் ஆடும் தகுதி போகும்.

பெரும்பாலான மாநிலங்களில் இன்று நிலைமை வேறு. பள்ளி விளையாட்டுக் கழகங்கள் என்.ஐ.எல்.லை அனுமதிக்கின்றன, ஆனால் நிபந்தனையோடு. விளம்பரப் படத்தில் பள்ளிச் சீருடை, சின்னம், பெயர் தெரியக் கூடாது. பள்ளி மைதானத்தில் எடுத்த பழைய வீடியோவைக் கடைக்காரர் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. மது, புகையிலை, சூதாட்டம் கூடாது. இத்தனை புள்ளி எடுத்தால் இத்தனை டாலர் என்று எழுதக் கூடாது. இந்தப் பள்ளிக்கு மாறி வந்தால் என்றும் எழுதக் கூடாது.

வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் இந்த வரிசையில் போங்கள். முதலில் மாநிலக் கழகத்தின் இந்த வருட விதி. போன வருட விதியைச் சொல்லும் பயிற்சியாளர்களை நம்ப வேண்டாம். அடுத்து எழுத்து ஒப்பந்தம். அதில் படத்தை எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று முடிவுத் தேதி இருக்க வேண்டும். 'என்றென்றும்' என்ற சொல் இருந்தால் அடித்துவிடுங்கள். காலணி, பானம் போன்ற வகைகளில் 'எங்களோடு மட்டும்' என்ற நிபந்தனை இருந்தால் பின்னால் பெரிய நிறுவனம் வரும்போது கை கட்டிக்கொள்ளும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் போட்ட ஒப்பந்தத்தை அவரே ரத்து செய்ய முடியும் என்பதால் நிறுவனங்கள் பெற்றோர் கையெழுத்துக் கேட்கும். சம்மதம் தெரிவிக்கும் கையெழுத்தா, நஷ்டத்துக்கு நீங்கள் பொறுப்பேற்கும் கையெழுத்தா என்று படித்துப் பாருங்கள்.

மிக ஆபத்தானது எதிர்கால வருமானத்தில் பங்கு கேட்கும் ஒப்பந்தம். ஃப்ளோரிடா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவர் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, தொழில்முறை ஆட்ட வருமானத்தில் வரிக்கு முந்திய 15 சதவீதத்தை 25 வருடத்துக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். கந்துவட்டிக்குப் புதுச் சட்டை போட்ட மாதிரி.

கேள்வி: வரி கட்ட வேண்டுமா? படிக்கிற பையன்தானே?
- அதே தந்தை, கொசுறாக

பதில்: கட்ட வேண்டும். என்.ஐ.எல். காசு சுயதொழில் வருமானம். செலவு போக 400 டாலர் வந்தாலே 15.3 சதவீதச் சுயதொழில் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்; வருமான வரி அதற்கு மேல். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ஐ ஒட்டி நான்கு தவணை. இலவசமாக வந்த ஷூவும் ஓட்டக் கொடுத்த காரும் வருமானம்தான். அடிக்கடி மறப்பது இதைத்தான். வந்ததில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மிச்சத்தைத் தொடுங்கள்.

கேள்வி: மகன் நன்றாக ஆடுகிறான், ஆனால் நாட்டின் முதல் 100 பேரில் இல்லை. முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களுக்கும் அழைப்பு வருமாம். இப்போது பயிற்சியாளர்கள் பேசுகிறார்கள், உறுதி சொல்வதில்லை. ஏன்?
- ஒரு தாய், சார்லட், வட கரோலினா

பதில்: பணம் வந்ததால் அதிகம் அடிபட்டவர்கள் உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைகள்தான். உச்சியில் இருக்கும் இருபது முப்பது பேருக்கு இது பொற்காலம். நடுவில் இருப்பவர்களுக்கு இடம் சுருங்கிவிட்டது.

காரணம் பள்ளிக்குள் இல்லை, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் 'டிரான்ஸ்பர் போர்ட்டல்' பட்டியலில் இருக்கிறது. 2021 முதல் ஒரு முறையும், 2024 முதல் படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும், ஒரு வருடம் ஆடாமல் உட்கார்ந்திருக்காமல் கல்லூரி மாறலாம். பயிற்சியாளர் கையில் 3 லட்சம் டாலர் இருக்கிறது என்று வையுங்கள். 18 வயதுப் பையனுக்குக் கொடுத்தால் இரண்டு வருடம் உடம்பேற்றி, தற்காப்பு சொல்லிக் கொடுத்து வளர்க்க வேண்டும். வளர்ந்ததும் அவன் வேறு கல்லூரிக்குப் போவான். அதே காசுக்குக் கல்லூரி அளவில் நூறு ஆட்டம் ஆடிய 22 வயதுக்காரர் கிடைக்கிறார். யாரை எடுப்பார்? போதாக்குறைக்கு, ஐரோப்பிய கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடிய இளைஞர்களும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். 'ஹவுஸ்' சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் 13 உதவித்தொகை 15 இடம் ஆனது ஆறுதல்தான். அந்த இரண்டும் புதியவர்களுக்கே போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பேச்சு மட்டும் வருவதற்குக் காரணம் காலண்டர். கடைசி வகுப்பின் ஆகஸ்ட் 1 முதல் எழுத்தில் அழைப்பு தரலாம். ஆனால் போர்ட்டலில் யார் கிடைப்பார் என்பது சீசன் முடிந்து வசந்தத்தில்தான் தெரியும். அதுவரை உங்கள் மகனை ஒரு கயிற்றில் கட்டி வைத்திருப்பார்கள். ஆகஸ்டுக்குப் பிறகு நேரடியாகக் கேளுங்கள்: எழுத்தில் தருகிறீர்களா, தொகை என்ன, உதவித்தொகை எத்தனை வருடம், பயிற்சியாளர் மாறினால் என்ன? பதில் எழுத்தில் வராவிட்டால் அடுத்த கல்லூரிக்குப் போன் போடுங்கள். பெரிய பெயரில் கடைசி ஆளாக உட்காருவதைவிட, சின்ன கல்லூரியில் முதல் வருடமே ஆட்டத்துக்கு 20 நிமிடம் ஆடினால் அதே போர்ட்டல் அவனுக்கும் மேலே போகும் ஏணி.

கேள்வி: சென்னையில் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகைக்கு முயல்கிறோம். இந்த என்.ஐ.எல். காசு அவளுக்கும் வருமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: உதவித்தொகை வரலாம், காசில் சிக்கல். எஃப்-1 மாணவர் விசாவில் அனுமதி இல்லாத வேலைக்கு இடமில்லை; விளம்பரப் படப்பிடிப்பு அமெரிக்க மண்ணில் வேலை என்றே எண்ணப்படும். விசா நிலை போனால் ஆட்டமும் படிப்பும் சேர்ந்து போகும். காங்கோவைச் சேர்ந்த ஆஸ்கர் ஷிப்வே கென்டக்கியில் ஆடியபோது, 2022-ல் அணி பஹாமாஸ் போன சமயத்தில் அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்தார். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

இப்போதே செய்ய வேண்டியது வேறு. என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் கணக்குத் தொடங்கி, 9-ஆம் வகுப்பு முதல் மதிப்பெண் பட்டியல்களைச் சேருங்கள். மேல்மட்டக் கல்லூரிகள் ஆடும் முதல் பிரிவுக்கு (டிவிஷன் 1) 16 முக்கியப் பாடங்கள், 4-க்குச் சராசரி 2.3 வேண்டும். ஆடிய ஒவ்வொரு அணியும், வாங்கிய ஒவ்வொரு பரிசுத் தொகையும் கேட்பார்கள். விளையாட்டு விடுதியில் தங்கியது, பயிற்சி, பயணச் செலவு என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை, ரசீது வைத்திருங்கள். வங்கி, ரயில்வே போன்ற துறை அணி உதவித்தொகை கொடுத்து ஆடக் கூப்பிட்டால், வாங்கும் முன் அந்த மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். அது ஆடியதற்குக் கூலி என்ற பக்கம் சாயும்.