லிப்ரே ஆபீஸ் கேள்வி பதில்: கடித மாதிரி முதல் பிடிஎஃப் வரை

டைப்பிங் சென்டர் வைத்திருப்பதால் நாள் முழுவதும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளோடுதான் எனக்கு வேலை. அதில் கடிதம் அடிப்பது ரைட்டர், கணக்கும் பட்டியலும் போடுவது கால்க். அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மெனுப் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் தெரிகிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாம்பரம்: ஒவ்வொரு முறையும் பழைய கடிதத்தைத் திறந்து, தேதியையும் பெயரையும் மாற்றி அச்செடுக்கிறேன். போன மாதம் மறந்துபோய் அப்படியே சேவ் செய்துவிட்டேன், பழைய கடிதம் போய்விட்டது. என்ன வழி?

பதில்: இந்தத் தவறு நடக்காத சங்கமே இல்லை சார். பழைய கடிதத்தை மாதிரியாகப் பயன்படுத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். சங்கத்தின் பெயர், பதிவு எண், முகவரி, கீழே கையெழுத்து இடம் எல்லாம் சரியாக இருக்கும் ஒரு கடிதத்தை எடுத்து, மாறக்கூடியதை எல்லாம் அழித்துவிடுங்கள். பிறகு ஃபைல், டெம்ப்ளேட்ஸ், சேவ் ஆஸ் டெம்ப்ளேட். ஒரு பெயர் கொடுங்கள், போதும். அடுத்த முறை கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெம்ப்ளேட் பட்டியல் வரும். அதில் திறப்பது பெயரில்லாத புதுக் கடிதமாகத்தான் திறக்கும். மூலத்துக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. தேதி இருக்கும் இடத்தில், தானாக மாறும் தேதியைச் செருகிவிடாதீர்கள். ஜனவரியில் அனுப்பிய கடிதத்தை ஜூனில் திறந்தால் ஜூன் தேதியைக் காட்டும். ஒரு தகராறில் சங்கத்தின் கோப்பைக் காட்ட வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதில் இன்செர்ட், ஃபீல்ட், மோர் ஃபீல்ட்ஸ் போய், ஃபங்ஷன்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து, அதில் பிளேஸ்ஹோல்டர் என்பதை எடுத்து 'தேதி' என்று வையுங்கள். அதைக் கிளிக் செய்து டைப் செய்தால் அந்த இடத்தில் நீங்கள் அடித்தது வந்து உட்காரும். பெறுநர், பொருள், பார்வை எல்லாவற்றுக்கும் இப்படியே செய்யலாம்.

தமிழாசிரியை, திண்டுக்கல்: வினாத்தாளுக்கு ஸ்டைலில் (எழுத்தின் வடிவத்தையும் அளவையும் மொத்தமாகச் சொல்லி வைக்கும் அமைப்பு) எழுத்தின் அளவை 14 என்று மாற்றுகிறேன். ஆங்கிலம் பெரிதாகிறது, தமிழ் அப்படியே இருக்கிறது. மென்பொருளில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை டீச்சர். தமிழில் ரைட்டர் பயன்படுத்தும் எல்லோரும் ஒரு முறையாவது இதில் முட்டிக்கொள்வார்கள். ரைட்டர் எழுத்துகளை மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்து, சீனம் ஜப்பான் போன்ற ஆசிய எழுத்து, அப்புறம் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட். கொம்பும் காலும் முன்னும் பின்னும் சேர்கிற தமிழ் இந்த மூன்றாவது கூட்டம். ஒவ்வொன்றுக்கும் எழுத்துருவும் அளவும் தனித்தனி. நீங்கள் மாற்றியது முதல் கூட்டத்தின் அளவை மட்டும்.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழி அமைப்புகளில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை டிக் செய்து, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு ஸ்டைலைத் திறந்தால் எழுத்துருப் பக்கத்தில் தமிழுக்கான பகுதியும் தெரியும். அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா போன்ற ஒரு தமிழ் எழுத்துருவை வைத்து, அளவையும் கொடுங்கள். என் கண்ணுக்கு, பக்கத்தில் ஆங்கிலம் 12 என்றால் தமிழ் 11 பொருந்துகிறது. அச்செடுத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

வினாத்தாளில் 'பகுதி அ', 'பகுதி ஆ' தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தடித்த எழுத்தாக்காமல், எஃப்11 அழுத்தி 'ஹெடிங் 2' ஸ்டைலைக் கொடுங்கள். தலைமையாசிரியர் அளவைக் குறைக்கச் சொன்னால், ஸ்டைலில் ஒரு இடத்தில் மாற்றினால் தாள் முழுக்க மாறும். இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொரு தலைப்பாகத் திருத்த வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி: அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் ஊர்க் கதைகள் நிறைய டைப் செய்து வைத்திருக்கிறார். திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது அண்ணா.

பதில்: கவலைப்பட வேண்டாம் தம்பி, அப்பா எழுதியது அப்படியே இருக்கிறது. அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அந்த எழுத்துருவில் ஆங்கிலச் சின்ன 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' உட்கார்ந்திருக்கும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கும். அதனால்தான் உங்கள் திரையில் இத்தனை அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவை நிறுவினால் உடனே படிக்கலாம். ஆனால் தேடவும் மெயிலில் அனுப்பவும் யூனிகோடுக்கு, அதாவது இன்று எல்லாக் கருவியும் படிக்கும் பொது எழுத்து முறைக்கு, மாற்றியே ஆக வேண்டும். இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றும் முன் மூலக் கோப்புகளை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் பொருளில்லாத தமிழாக மாறிவிடும். ஆகவே ஒரு கதை மாற்றி, ஒரு கதை படித்து என்று நிதானமாகப் போங்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் அவரிடமே மெய்ப்புப் பார்க்கக் கொடுங்கள்.

கோயில் திருப்பணிக் குழு, தென்காசி: 340 பேருக்கு நன்றிக் கடிதம் போக வேண்டும். பெயர், ஊர், தொகை எல்லாம் கால்க்கில் இருக்கிறது. ஒவ்வொன்றாக அடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. கால்க்கின் முதல் வரியில் பெயர், ஊர், தொகை என்று தலைப்பு இருக்கட்டும். ஃபைல், நியூ, டேட்டாபேஸ் என்று போய், ஏற்கெனவே உள்ள ஸ்ப்ரெட்ஷீட்டோடு இணைக்கும்படி சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு ரைட்டரில் கடிதத்தைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்4 அழுத்தினால் உங்கள் பட்டியல் மேலே தெரியும். 'பெயர்' என்ற தலைப்பை மவுஸால் பிடித்து இழுத்துக் கடிதத்தில் வேண்டிய இடத்தில் விடுங்கள். பிரிண்ட் கொடுத்தால், ஃபார்ம் லெட்டராக அச்சிடவா என்று கேட்கும். யெஸ். முதலில் 1 முதல் 3 வரை மட்டும் எடுத்துப் பாருங்கள், 340 தாளும் வீணாகக் கூடாது.

தமிழுக்கென்று ஒரு கவனம் தேவை. பெயருக்குப் பின்னால் 'க்கு' ஒட்டினால் 'முருகன்க்கு' என்று வந்து நிற்கும். 'திரு. முருகன் அவர்களுக்கு' என்று வரும்படி 'அவர்களுக்கு' போட்டுவிட்டால் எந்தப் பெயரும் பொருந்தும். ஊருக்கும் 'இல்' ஒட்டாமல் 'ஊர்:' என்று தனி வரியாக வையுங்கள். நன்கொடை தந்தவர் தன் பெயரைப் பிழையில்லாமல் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இத்தனை மெனக்கெடல்.

அதே குழுவின் கணக்கர்: தொகையில் லட்சத்துக்குக் காற்புள்ளி சரியாக விழவில்லை. போன் நம்பரில் முன்னால் உள்ள 0 காணாமல் போகிறது.

பதில்: கட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட், செல்ஸ் போய், ஃபார்மட் கோட் என்ற பெட்டியில் #,##,##0 என்று போடுங்கள். 1,25,000 என்று நம் வழக்கப்படி வரும். போன், வங்கிக் கணக்கு எண் இருக்கும் பத்திகளை அடிக்கத் தொடங்கும் முன்பே டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். கணக்கு எண் 16 இலக்கம் என்றால் இது கட்டாயம். எண்ணாக வைத்தால் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியத்துக்கு உறுதி கிடையாது, கடைசி இலக்கம் மாறிவிடலாம்.

கல்லூரி மாணவி, மதுரை: ஓப்பன் ஆபீஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டில் எது?

பதில்: லிப்ரே ஆபீஸ்தான் அம்மா. 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது, இன்று சுறுசுறுப்பாக வளர்வதும் இதுதான். புராஜெக்டை டாக்எக்ஸாக, அதாவது மைக்ரோசாஃப்ட் வேர்டின் கோப்பு வடிவில் கேட்டால், உங்கள் பிரதியை லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிடியாகவே (.odt) வைத்துக்கொண்டு கடைசியில் ஒரு நகலை மட்டும் டாக்எக்ஸாக சேவ் செய்து கொடுங்கள். பிடிஎஃப் போதும் என்றால், எக்ஸ்போர்ட் செய்யும்போது 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்பதை டிக் செய்துகொள்ளுங்கள். படிப்பவருக்கு அது பிடிஎஃப். நீங்கள் லிப்ரே ஆபீஸில் திறந்தால் திருத்தக்கூடிய மூலமும் அதற்குள்ளேயே இருக்கும்.