சொந்தத்தில் திருமணம் செய்தோம், மூத்த குழந்தைக்குக் காது கேட்கவில்லை. அடுத்த குழந்தைக்கும் வருமா?

வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பியிருப்பார்கள், அதனால்தான் இங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூத்த குழந்தைக்கு எதனால் வந்தது என்று தெரியாமல் இதற்குப் பதில் கிடையாது. கர்ப்பத்தில் ருபெல்லா அம்மை கண்டிருந்தாலும், பிறந்தபின் கடும் மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ வந்திருந்தாலும் காது போகும்.

எங்களுக்கு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் என் தாய்மாமன் மகன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வாசலில் மீன் வண்டி ஆரன் அடித்தாலும் அசையாமல் தூங்குவாள். சமத்துப் பிள்ளை என்று தெருவே மெச்சியது. காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதம் மழலை பேசும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று பார்க்கும் பெரா பரிசோதனையில்தான் தெரிந்தது. மரபணுப் பரிசோதனையில், காது கேட்கத் தேவையான கனெக்சின் 26 என்ற புரதத்தின் மரபணுவில் பழுது என்றார்கள். எங்கள் இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும், ஆனால் ஆளுக்கு ஒரு பழுது உள்ளே இருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தால்தான் இந்த வகை வரும். ஊர் மட்டும் என் வயிற்றைத்தான் குறை சொன்னது.

"நாலுக்கு ஒண்ணுன்னு டாக்டரே சொல்லிட்டார், அந்த ஒண்ணு வந்துருச்சு, இனி பயமில்ல" என்றார்கள் அத்தை. கணக்கு அப்படி இல்லை. இந்த வகையில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம், முதலிலிருந்து. அடுத்து மகன் பிறந்ததும் ஓஏஇ என்ற காதுப் பரிசோதனை பார்த்தோம், கேட்கிறது. ஆனாலும் அவன் அந்தப் பழுதைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு.

சொந்தத்தில் கட்டியதற்குத் திட்ட வருகிறவர்களுக்கு: அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் இது வருகிறது. சொந்தத்தில் வாய்ப்புக் கூடுதல், அதை நான் மறுக்கவில்லை.

மகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி வைத்தோம். 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அதில் உண்டு, தள்ளிப்போடாதீர்கள். வைத்தால் மட்டும் போதாது, பேச்சுப் பயிற்சிக்கு அலைய வேண்டும். எங்கள் நேரம், 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது, புதுப்பாலம் திறக்க 2025 ஏப்ரல் ஆனது. மதுரைக்குப் பஸ்ஸில்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் வீட்டுக்காரர் கூட வருவார், மற்ற நாளெல்லாம் கருவி மாட்டிய பிள்ளையை வேடிக்கை பார்க்கிறவர்கள் நடுவில் நான் தனியாக. பார்க்கிறவர்கள் எழுந்து உட்கார இடமாவது கொடுக்கலாம்.

சரி, உங்களுக்கு: அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாலேயே மூத்த குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்துவிடுங்கள்.