தாத்தா காலத்து வத்தை வாங்கிய பரிசுகளை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இதுதான்: "தொண்டிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுக்குப் பின்னால் வத்தை என்கிற பழைய பாய்மர மரப்படகு ஒன்று கிடக்கிறது. அந்தக் காலத்தில் பாய்மரப் போட்டிகளில் நிறையப் பரிசு வாங்கியது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எந்த வருடம், எந்த ஊர்ப் போட்டி, என்ன பரிசு என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?"

வழி உண்டு. ஆனால் படகின் பெயரை வைத்துக்கொண்டு தேடக் கிளம்பாதீர்கள். நம் கடற்கரையில் பரிசைப் படகின் பெயரில் எழுதிவைப்பதில்லை. கேரளத்து ஆலப்புழையில் சுண்டன் வள்ளம் என்ற நீளமான போட்டிப் படகு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிப் பெருமை. 1952-இல் நேரு பார்க்க வந்த போட்டியில் ஜெயித்தது நடுபாகம் சுண்டன் என்று இன்றைக்கும் எல்லோரும் சொல்வார்கள். துடுப்புப் போட்டவர்கள் யார் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். இங்கிலாந்து வாய்க்கால் படகுகளின் கதை வேறு. குடும்பத்தோடு தங்கி ஓட்டும் படகுகளைப் பதிவு செய்யச் சொல்லி 1877-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டதால், தேடுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பதிவேடு இருக்கிறது. நம் பக்கம் கோயில் திருவிழா மைக்கில் "முதல் பரிசு நம்புதாளை இன்னார் படகு" என்று சொல்வதோடு சரி. ஊர் பேரும் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி பேரும்தான் நிற்கும். அதனால் முதலில் தெரிய வேண்டியது அந்த வத்தை எந்தெந்த வருடம் யார் கையில் இருந்தது என்பதுதான். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

என் பெரிய மாமாவிடம் இருந்த வத்தைக்காக நான் இந்தத் தேடலைச் செய்துவருகிறேன். இந்தப் பழைய வத்தைகளை விறகாக்குவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு ஆத்திரமே உண்டு. நான் கண்டதைச் சொல்கிறேன்.

வத்தை கைமாறும்போது வெள்ளைத்தாளில் எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குவது பழைய வழக்கம். அந்தத் தாள் பெரும்பாலும் விற்றவர் வீட்டில் இருக்காது, வாங்கியவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும். தொண்டிப் படகு கோட்டைப்பட்டினத்துக்கோ ஜெகதாப்பட்டினத்துக்கோ போயிருக்கலாம், பிறகு வேறு யாராவது வாங்கித் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். கைமாறும்போது பெயரும் மாறும். அந்தோணியார் பெயரில் ஓடியது அடுத்தவர் கையில் அம்மன் பெயரில் ஓடும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் வந்தது. அதற்குப் பிறகு எஞ்சின் வைத்து ஓட்டிய படகு என்றால் பக்கவாட்டில் பதிவு எண் எழுதியிருப்பார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு 10 என்ற எண். பெயின்டைச் சுரண்டினால் அடியில் பழைய எண் தெரியும். அதை வைத்து மீன்வளத்துறையில் உரிமையாளர் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது வருடம். பெரியவர்களிடம் "எந்த வருசம் மாமா?" என்று கேட்டால் பதில் வராது. "அன்னைக்கு என்ன காத்து?" என்று கேளுங்கள், பட்டென்று வரும். "கச்சான் போட்டு ஏறிக்கிட்டு இருந்துச்சு, திரும்பி வரையில பாய் மல்லுக்கட்டுச்சு" என்றால் அது வைகாசிக்கும் ஆவணிக்கும் நடுவில் நடந்த போட்டி. தொண்டிக் கடற்கரை கிழக்குப் பார்த்தது. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று, கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும். போகும்போது காற்று பின்னால் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரத்தான் பாயை மாற்றி மாற்றிப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாக ஏறி வர வேண்டும். போட்டியே அந்தத் திரும்பி வருவதில்தான். மணல் மூட்டையைக் காற்று வரும் பக்கத்துக்கு இழுத்துப் போட்டு, குறுக்கே நீட்டிய பலகையில் ஆள் ஏறி உட்கார்ந்து, வத்தை கவிழாமல் பார்த்துக்கொள்வார்கள். மாறாக, வாடையில் ஓட்டியதாகச் சொன்னால் ஐப்பசிக்குப் பிறகுதான். காற்று மாதத்தைச் சொல்லும், மாதம் எந்தத் திருவிழா என்பதைச் சொல்லும். ஊர்ப் பெரியவர்களிடம் எந்த ஊரில் எந்த மாதம் திருவிழா என்று கேட்டுவிட்டால் ஊர் பிடிபட்டுவிடும்.

வருடத்துக்கு, எல்லோருக்கும் தெரிந்த சம்பவங்களைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல் 1964 டிசம்பர். கச்சத்தீவைக் கொடுத்தது 1974. சிலோன் கலவரம் 1983 ஜூலை. இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர். எம்.ஜி.ஆர். காலமானது 1987 டிசம்பர். பாம்பன் ரோடு பாலம் திறந்தது 1988 அக்டோபர். "பாலம் திறக்கிறதுக்கு முந்துன ஆடி" என்று ஒருவர் சொன்னால், அவர் 1988 ஆடியைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு பேச்சுக்கொடுங்கள். நேரடியாகக் கேள்வி கேட்பதைவிட, கல்யாணம் எப்போது, மூத்த பிள்ளை பிறந்தது எப்போது என்று சுற்றிவளைத்துக் கேட்பது நல்லது.

இனி பரிசுப் பொருள். தேடுகிறவர்கள் பலரும் பரிசைத் தேட மறந்துவிடுகிறார்கள். பணமாகக் கொடுத்தது செலவாகியிருக்கும், கிடாயாகக் கொடுத்தது அன்றைக்கே குழம்பாகியிருக்கும். பாத்திரமாகக் கொடுத்தது மட்டும் நிற்கும். எங்கள் அத்தை நெல் அவிக்கும் பித்தளை அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தபோது, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பாதி எழுத்து மழுங்கிவிட்டது. பகலில் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது "பாய்மரப் போட்டி 2-ம் பரிசு" என்பதும், அதன் கீழே "உபயம்" என்று ஒருவர் பெயரும் தெரிந்தன. குடும்பமே அதுவரை முதல் பரிசு என்று சொல்லிக்கொண்டிருந்தது! எனக்கு அந்த உபயம் என்ற வரிதான் பெரிதாகப் பட்டது. ஜெயித்தவர் வீட்டில் கதை வளரும். உபயம் கொடுத்தவர் காசு செலவழித்தவர், அவர் வீட்டில் நோட்டீஸையும் மேடையில் எடுத்த போட்டோவையும் பத்திரமாக வைத்திருப்பார்கள். அவர் வியாபாரியாக இருந்தால் கணக்கில்கூட எழுதியிருப்பார். ஆகவே குத்துவிளக்கு, அண்டா, தாம்பாளம், கேடயம், சுவர்க் கடிகாரம் எதுவானாலும் அடியையும் விளிம்பையும் பாருங்கள். பரணில் கிடக்கும் ஓட்டைப் பாத்திரத்தை ஈயத்துக்கும் பித்தளைக்கும் போடுவதற்கு முன்னால் பாருங்கள்.

திருவிழா நோட்டீஸில் போட்டி நேரமும் பரிசு விவரமும் இருக்கும், யார் ஜெயித்தார்கள் என்பது இருக்காது. ஜெயித்தவர் பெயர் ஊர்க்கணக்கு நோட்டில் செலவுப் பக்கத்தில் இருக்கும், "படகுப் போட்டி முதல் பரிசு வகைக்கு" என்று. அந்த நோட்டைச் சும்மா போய்க் கேட்டால் தர மாட்டார்கள். ஊர்த் தலைவரிடம் உங்கள் உறவு முறையைச் சொல்லி, அவர் முன்னாலேயே உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லுங்கள். நியாயமான பயம்தான் அது, பணக் கணக்கு இருக்கிற நோட்டு.

செய்தித்தாள் கடைசியில்தான். மதுரைப் பதிப்பின் உள்ளூர்ப் பக்கத்தில், போட்டி நடந்த இரண்டு மூன்று நாளுக்குள் வந்திருக்கும். தேதி தெரியாமல் பழைய கட்டுகளைப் புரட்டுவது வீண். மாதமும் வருடமும் கிடைத்த பிறகு போங்கள். பழைய செய்திகளில் "முகவை மாவட்டம்" என்று எழுதியிருந்தால் அதுவும் நம் ராமநாதபுரம்தான். 1985 மார்ச்சில் சிவகங்கையும் விருதுநகரும் பிரிவதற்கு முன் மாவட்டம் பெரிது, அதனால் மாவட்டப் பெயரைவிடத் திருவாடானை தாலுகா என்ற சொல்லைத் தேடுவது பலன் தரும்.

சரி, பரிசு வாங்கிய வத்தையும் உங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் வத்தையும் ஒன்றேதானா? இதைச் சொல்லப் படகு கட்டும் தச்சரான ஓடாவிதான் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வயதான ஓடாவியைக் கூட்டிவந்து காட்டினேன். முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை கையாலேயே தடவிக்கொண்டு போனவர், "பலகையைப் பாக்காதீக தம்பி, பலகை எத்தனையோ தடவ மாத்தியிருக்கும். ஏராவையும் வங்கையும் பாருங்க. அதுல கை வச்சா யாரு கட்டுனதுன்னு சொல்லிப்புடுவேன்" என்றார். ஏரா என்பது அடிமரம், வங்கு என்பது உள்ளே வளைந்து நிற்கும் விலா மரம். சொல்லவும் செய்தார். ஒரு வங்குக்கும் இன்னொன்றுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு ஓடாவிக்கும் ஒரு அளவாம், அவருடைய குரு இரண்டு விரல் நெருக்கி வைப்பாராம். பழைய போட்டோ இருந்தால் அதையும் காட்டுங்கள். சாயம் ஏற்றிய காடாத்துணிப் பாயா, பிளாஸ்டிக் பாயா என்பதை வைத்தே முன்னே பின்னே காலத்தைச் சொல்லிவிடுவார்கள். வத்தை என்ற வகையைப் பற்றி அறிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வு உதவும். சென்னை மாகாண மீன்வளத்துறையில் இருந்தவர் அவர். பாக் நீரிணைப் பக்கத்து வத்தையையும் அந்தக் குறுக்குப் பலகையையும் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். படகை நடத்திச் செல்பவர்தான் தண்டல். நல்ல தண்டலுக்கு எல்லா ஊரிலும் கிராக்கி. சொந்த வத்தை பழுதாக இருந்தால் அடுத்தவர் வத்தையை வாங்கி ஓட்டிப் பரிசு எடுப்பார். அந்தப் பரிசு உங்கள் தாத்தாவுடையது, ஆனால் அந்த வத்தையுடையது அல்ல. அதேபோல் உங்கள் வத்தையை இரவல் வாங்கிப்போய் வேறு ஊர்க்காரர் ஜெயித்திருந்தால், அந்தப் பரிசு உங்கள் வீட்டுக் கதையில் வந்தே இருக்காது. அதற்காகத்தான் சுற்றுவட்டத்து ஊர்களிலும் விசாரிக்கச் சொல்கிறேன், மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் வரைக்கும். கூட ஓடியவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவரை முதலில் பாருங்கள். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான தாமானைப் பிடித்தவருக்கும் சுக்கான் பிடித்தவருக்கும் ஞாபகம் வேறுவேறாக இருக்கும், இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கிடைப்பதை ஒரு நோட்டில் எழுதும்போது ஒவ்வொரு பரிசுக்கும் நேராக, யார் சொன்னது, எந்தப் பொருளில் இருந்தது, எந்தத் தாளில் இருந்தது என்று எழுதிவையுங்கள். ஒருவர் வாய்ச்சொல் மட்டும் இருந்தால் அதையும் விடாதீர்கள், பக்கத்தில் "சொல்வழி" என்று போட்டுவிடுங்கள். நோட்டின் ஒரு நகலை ஊர்த் தலைவரிடம் கொடுத்துவையுங்கள். அடுத்த திருவிழாவில் அதைப் பார்த்துவிட்டு, "இதுல எங்க ஐயா பேரு விட்டுப்போச்சே" என்று யாராவது ஒரு தாளோடு வருவார்கள்.