ஐந்தாம் தந்தியில் ஏன் தடுக்குகிறது?

கேள்வி: சார், எனக்கு வயது 26. மூன்று வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். ஜி மேஜர் ஸ்கேலை, தடித்த ஆறாம் தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் தொடங்கி, ஒரு தந்திக்கு மூன்று ஸ்வரமாக, கீழ்நோக்கி டவுன், மேல்நோக்கி அப் என்று மாற்றி மாற்றி அடித்து, மெல்லிய முதல் தந்திவரை போவேன். தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 96 தட்டு வரை, ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் வீதம், சுத்தமாக வருகிறது. அதற்கு மேல் தடுக்குகிறது. ஆனால் எல்லாத் தந்தியிலும் இல்லை. ஐந்தாம் தந்திக்கும் மூன்றாம் தந்திக்கும் போகும்போதுதான். சில நாள் முதல் தந்தியிலும். ஏழு மாதமாக வாரம் இரண்டு இரண்டாக மெட்ரோனோமை ஏற்றிப் பார்த்துவிட்டேன். "மெதுவாக வாசி, வேகம் தானாக வரும்" என்கிறார் மாஸ்டர். வேலை முடிந்து வந்து இரவில் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கிறது, ஆம்ப் போட முடியாது. கிட்டாரை மாற்றினால் சரியாகுமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தம்பி, ஐந்து, மூன்று, ஒன்று என்று தடுக்கும் தந்திகளைக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி என் வேலையில் பாதியை முடித்துவிட்டது. விரலில் பலம் போதாமலோ பயிற்சி போதாமலோ தடுக்குகிறது என்றால் ஆறு தந்தியிலும் அல்லவா தடுக்க வேண்டும்? நான்காம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் ஒழுங்காகப் போய்ச் சேருகிற கை, ஒன்று விட்டு ஒன்று மட்டும் ஏன் இடறுகிறது? உங்கள் கையில் வேகம் இருக்கிறது. தந்தி மாறும் இடத்தில் அதற்கு வழி கிடைக்கவில்லை.

முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள். முதல் தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, அந்த ஒரே ஸ்வரத்தை நான்கு விநாடி உங்களால் முடிந்த வேகத்தில் டவுன்-அப் அடியுங்கள். போனில் பதிவு செய்து, மெட்ரோனோமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 96-ல் தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் விநாடிக்கு ஆறே சொச்சம் அடி. ஒரே தந்தியில் 130, 140 வேகத்துக்குச் சமமாக அடிக்க முடிகிறது என்றால், அதாவது விநாடிக்கு ஒன்பது அடியை நெருங்கினால், கை வேகத்தைப் பற்றிய கவலையை இன்றோடு விட்டுவிடலாம். என்னிடம் கற்க வந்தவர்களில் "வேகம் வரவில்லை" என்று சொன்ன பலருக்கும் இந்தச் சோதனையில் கை பறந்தது. அவர்களும் ஸ்கேலில்தான் நொண்டினார்கள்.

சரி, தந்தி மாறும்போது என்ன நடக்கிறது? விளக்கை நன்றாகப் போட்டு, போனை, தந்திகள் முடியும் பிரிட்ஜ் பக்கமாக நிறுத்தி, ஸ்லோ மோஷனில் உங்கள் வலது கையைப் படம் எடுங்கள். பிக், அதாவது தந்தியை அடிக்கும் சின்னத் தகடு, தந்திக்கு நேர் செங்குத்தாக நிற்காது. உங்கள் கையில், பிடித்திருக்கும் பக்கம் தரையை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்பது என் ஊகம். இப்படிச் சாய்ந்த பிக்கால் டவுன் அடித்தால், நுனி தந்தியைத் தாண்டி உள்ளே போய், இரண்டு தந்திகளுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் இறங்கிவிடும். அப் அடித்தால் பள்ளத்திலிருந்து எழுந்து வெளியே காற்றுக்கு வரும். டவுன் உள்ளே, அப் வெளியே. இது மட்டும் மனதில் பதிந்தால் போதும்.

இப்போது உங்கள் ஸ்கேலுக்கு வருவோம். ஆறாம் தந்தியில் மூன்று ஸ்வரம்: டவுன், அப், டவுன். கடைசி அடி டவுன், ஆகவே பிக் ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் உள்ளே கிடக்கிறது. அடுத்து ஐந்தாம் தந்தியை அப் அடிக்க வேண்டும். அதற்குப் பிக் ஐந்தாம் தந்தியின் மறுபக்கம் போயாக வேண்டும். பள்ளத்தில் கிடக்கிற பிக்குக்கு ஐந்தாம் தந்தி குறுக்கே கட்டிய கயிறு மாதிரி. மெதுவாக வாசிக்கும்போது அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க நேரம் இருக்கிறது. 100-ஐத் தாண்டினால் அந்த நேரம் இல்லை, இடறுகிறது. ஐந்தாம் தந்தியில் அப், டவுன், அப். கடைசி அடி அப், பிக் வெளியே இருக்கிறது, நான்காம் தந்திக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. நான்கில் மறுபடி டவுன்-அப்-டவுன், மூன்றுக்கு முன்னால் மறுபடி சிக்கல். இரண்டுக்கு வழி திறக்கும், ஒன்றுக்கு மூடும். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஐந்து, மூன்று, ஒன்று அப்படியே வந்துவிட்டது பாருங்கள்.

நானும் ஏறக்குறைய இரண்டு வருடம் இதே ஸ்கேலோடு, இதே மாதிரி இரண்டு இரண்டாக ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டேன். தடுக்கும் இடம் எது என்று ஒரு நாளாவது குறித்து வைத்திருந்தால் அந்த இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவ்வளவு சந்தோஷம்.

பிக்கின் இந்தச் சாய்வைப் பற்றி உலகத்துக்கு விளக்கமாகச் சொன்னவர் ட்ராய் கிரேடி என்ற அமெரிக்கர். கிட்டாரிலேயே கேமராவைப் பொருத்தி, வேகமாக வாசிக்கிறவர்களின் பிக்கைப் பக்கத்திலிருந்து படம் பிடித்து ஆராய்ந்தவர். அவர் முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஸ்வீடனின் கிட்டார் கலைஞர் யிங்வி மால்ம்ஸ்டீன். 1984-ல் வந்த 'ரைசிங் ஃபோர்ஸ்' ஆல்பத்தைக் கேட்டு மிரண்டுபோனவர்கள் எத்தனையோ பேர். மால்ம்ஸ்டீனுடைய பிக்கும் தரையை நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது. ஆனால் அவர் தடுக்குவதில்லை. ஏனென்றால், பெரும்பாலும் அப் அடித்து முடித்த பிறகுதான் தந்தி மாறுகிறார். அப்படி அமையாத இடத்தில் வாசிப்பையே கொஞ்சம் மாற்றிக்கொள்கிறார். தன் கை எந்தப் பக்கம் தப்பிக்கும் என்று பார்த்து அதற்கு ஏற்றபடி ஸ்வரங்களை அமைத்துக்கொண்டதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். முதல் மூன்று வாரம் ஜி மேஜரைத் தொடவே வேண்டாம். ஐந்தே ஸ்வரம் கொண்ட ஏ மைனர் பென்டடானிக் ஸ்கேலை ஐந்தாவது ஃப்ரெட்டில் எடுங்கள். ஆறாம் தந்தியில் 5, 8. ஐந்து, நான்கு, மூன்றில் 5, 7. இரண்டிலும் ஒன்றிலும் 5, 8. ஒரு தந்திக்கு இரண்டே ஸ்வரம், டவுன்-அப், டவுன்-அப். எல்லாத் தந்தியிலும் கடைசி அடி அப், எல்லா இடத்திலும் வழி திறந்திருக்கும். பாதி நாட்களிலேயே "என் கையா இது" என்று தோன்றும். ஜி மேஜரை 96-ல் நிறுத்திய அதே கை இங்கே 110, 115-ஐச் சாதாரணமாகத் தாண்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

அப்புறம் ஜி மேஜருக்கு வரலாம். ஏறும்போது இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆறாம் தந்தியில் டவுன், அப் அடித்துவிட்டு மூன்றாவது ஸ்வரத்தைப் பிக்கால் அடிக்காமல் இடது கைச் சுண்டுவிரலால் தந்தியில் தட்டி எழுப்புவது, அதாவது ஹேமர்-ஆன். அப்போது பிக் வெளியே காத்திருக்கும், ஐந்தாம் தந்தியை டவுனில் தொடங்கலாம். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த வழி. மூன்றாவது டவுனை அடித்ததும் பிக் பள்ளத்தில் இறங்கி ஐந்தாம் தந்தி மேல் போய்ச் சாய்கிறது அல்லவா? அதை எடுக்கவே வேண்டாம். அதே தள்ளலில் ஐந்தாம் தந்தியையும் டவுனாகவே தள்ளிவிடுங்கள். டவுன்-அப்-டவுன், டவுன்-அப்-டவுன் என்று எல்லாத் தந்தியும் டவுனில் தொடங்கும். இதை எகானமி பிக்கிங் என்பார்கள். குறுக்கே நின்ற தந்தியே இப்போது படிக்கட்டு. ஒரே ஓர் ஆபத்து: இரண்டு டவுனும் ஒரே தள்ளலாக இருப்பதால் அந்த இடத்தில் தாளம் முந்தும். மெட்ரோனோமைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது எகானமி உங்கள் சாய்வுக்கு ஒத்துவராது. அங்கே டவுன், அப் அடித்துவிட்டு மூன்றாவது ஸ்வரத்தைப் புல்-ஆஃப் செய்யுங்கள், அதாவது அழுத்தியிருக்கும் விரலால் தந்தியைச் சுண்டி எடுங்கள். மால்ம்ஸ்டீனும் இறங்கும்போது இப்படித்தான் செய்கிறார். எல்லா ஸ்வரத்தையும் பிக்கால் அடித்தே தீருவேன் என்றால் அதற்கும் வழி உண்டு. தேவைப்படும் அந்த ஒரு நொடியில் மட்டும் முன்கையைச் சற்றுத் திருப்பிச் சாய்வை எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். முதல் இரண்டும் கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊகம் தவறி, உங்கள் பிக் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் எல்லாம் தலைகீழ்: டவுன் வெளியே வரும், அப் மாட்டும். அப்படியானால் நீங்கள் நான்கிலும் இரண்டிலும் தடுக்கியிருக்க வேண்டும். அதனால் என் ஊகம் தவறாது என்றுதான் நம்புகிறேன். இருந்தாலும் வீடியோவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கணக்கில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தந்திக்கு மூன்று ஸ்வரம், தட்டுக்கு நான்கு ஸ்வரம். ஆகவே மெட்ரோனோமின் தட்டு ஒவ்வொரு முறையும் தந்தியின் வேறு வேறு இடத்தில் விழுகிறது. இடது கையும் வலது கையும் எங்கே பிரிந்தன என்று காதுக்குத் தெரியாது. கொஞ்ச நாளைக்குத் தட்டுக்கு மூன்றாக வாசியுங்கள். 'தகிட தகிட' என்று வாயால் சொல்லிக்கொண்டு, 'த' விழும் இடத்தில் புதுத் தந்தி. 128-ல் தட்டுக்கு மூன்று என்பதும் 96-ல் தட்டுக்கு நான்கு என்பதும் கைக்கு ஒரே வேகம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் ஒவ்வொரு தட்டிலும் தந்தி மாறுவதால் பிசகு உடனே கேட்கும். இப்படித் தாளத்தை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கிட்டார் மேதை ஜான் மெக்லாஃப்லின் அதைக் கற்றுக்கொண்டு, நம் கஞ்சிரா வித்வான் செல்வகணேஷோடு சேர்ந்து அதைக் கற்றுக்கொடுக்கும் வீடியோவே வெளியிட்டிருக்கிறார்.

உங்கள் மாஸ்டர் சொல்வது தவறில்லை, பாதி சரி. இடது கைக்கு ஸ்வரங்கள் பதிய, தொனி சுத்தமாக, மெதுவாகத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாக வேகப்படுத்திக்கொண்டே போனால் அது ஓட்டமாக மாறிவிடாது. ஓடும்போது கால் வேறு மாதிரி விழுகிறது. பிக்கும் அப்படித்தான். மெதுவாக அடிக்கும்போது எப்படி வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம், தப்பான அசைவுகூடச் சுத்தமாகக் கேட்கும். அதனால் தினமும் பத்து நிமிடம் வேகமாகவும் அடியுங்கள். 130 வைத்துக்கொண்டு ஒரே ஒரு தட்டு அளவுக்குப் பாய்ந்து, நிறுத்தி, கையை உதறித் தளர்த்தி, மறுபடி பாயுங்கள். கொஞ்சம் அழுக்காக வந்தால் பரவாயில்லை. கை எப்படி அசைந்தது என்று கவனித்து, அதே அசைவை 80-க்கு இறக்கிச் சுத்தம் செய்யுங்கள். வேகத்தில் கண்டுபிடித்து மெதுவில் திருத்துவது, இதுதான் வரிசை.

இரவில் ஆம்ப் இல்லாமல் வாசிக்கிறீர்கள் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. சத்தம் காதில் விழவில்லையே என்று கை தன்னையறியாமல் ஓங்கி அடிக்கும், பிக் ஆழமாக இறங்கும், முன்கை இறுகும். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு சிக்கல். ஆம்ப்பில் ஹெட்ஃபோன் ஓட்டை இருந்தால் அதில் மாட்டி, டிஸ்டார்ஷன் கரகரப்பு இல்லாமல் வாசியுங்கள். பிக்கின் நுனி ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தந்திக்குக் கீழே போக வேண்டாம். கட்டைவிரல் நகம் வெளுத்துப் போகும் அளவுக்குப் பிக்கை அழுத்தினால் கூடுதலாகப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். பிக்கைத் தந்தியோடு தட்டையாக மோதவிடாமல், முன்விளிம்பைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் உரசிக்கொண்டு போகும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி, விரலில் மரத்துப்போவது என்று ஏதாவது வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து இருந்தால் டாக்டரைப் பாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்காதீர்கள்.

கிட்டாரை மாற்ற வேண்டாம், பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். 0.46, 0.60 மாதிரி மெல்லிய பிக் வைத்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். அது வளைந்து நிமிர்வதற்குள் அடுத்த அடியின் நேரம் வந்துவிடுகிறது. 0.88-லிருந்து 1.2 மில்லிமீட்டர்வரை இரண்டு மூன்று வாங்கிப் பாருங்கள், ஜாஸ் 3 என்ற பிக் மாதிரிச் சின்னதாகவும் கூர்மையாகவும் இருப்பது இன்னும் நல்லது. தந்திகள் துருவேறியிருந்தால் புதிதாக மெல்லிய 9-42 தந்தி செட் ஒன்று போடுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தி ரொம்ப உயரமாக நின்றால் கடையில் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். அதுவும் இடது கைக்குத்தான் உதவும். ஐந்தாம் தந்தியின் சிக்கலை வலது கைதான் தீர்க்க வேண்டும். பென்டடானிக்கை இன்றிரவே தொடங்கலாம்.