கப்பல் மரம் என்ற கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் ஒரு பழைய மரச்சட்டப் பண்ணைவீட்டில் தங்கினோம். உத்தரமெல்லாம் வளைந்து, ஆங்காங்கே காலித் துளைகள். உடைத்த கப்பலின் மரம் என்றார் வீட்டுக்காரர். நம்பலாமா? மரத்துக்குக் கறுப்பு, சுவருக்கு வெள்ளை என்பதும் பழைய வழக்கமா?

மு.

அன்புள்ள மு.,

கப்பல் கதையைக் கடலே இல்லாத ஊரிலும் சொல்வார்கள். பெரும்பாலும் வெறும் கதைதான். காய்ந்து இறுகிய ஓக் மரத்தில் உளி இறங்காது. அதனால் வெட்டிய மரத்தைப் பச்சையாகவே இழைத்துச் சட்டம் கோத்தார்கள். வீடு எழும்பிய பிறகு மரம் காய்ந்து முறுக்கிக்கொண்டது. நீங்கள் பார்த்த கோணலில் பாதி அப்படி வந்தது. மூலைக்கு முட்டுக் கொடுக்க, வளரும்போதே வளைந்த மரத்தைத் தேடி எடுப்பதும் உண்டு. காலித் துளை என்றால், பிறகு யாரோ ஒரு தடுப்பையோ சன்னல் கட்டையையோ எடுத்திருக்கிறார்கள். வேறு வீட்டைப் பிரித்த மரமாகவும் இருக்கலாம்.

அந்தப் பொருத்துகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஆணியே கிடையாது. ஒரு மரத்தின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் போகும். குறுக்கே ஓக் முளைக்குச்சி. நாக்கில் இருக்கும் முளைத்துளையை வேண்டுமென்றே இம்மி தள்ளிப் போடுவார்கள். முளையை அடிக்க அடிக்க இரண்டு மரமும் இழுபட்டு இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு நாக்கும் அதனதன் துளைக்கு மட்டுமே பொருந்துவதால், பட்டறையில் கோத்துப் பார்த்து எண் கீறிவிடுவார்கள். ரோமன் எண்தான், ஆனால் நான்குக்கு நான்கு கோடு. IV என்று கீறினால், தலைகீழாகப் பார்க்கும்போது ஆறோடு (VI) குழம்பும் அல்லவா!

இப்படிக் கோத்ததைப் பிரித்து மறுபடியும் கோக்கலாம். கென்ட்டின் சிடிங்ஸ்டோனில் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய பேலீஃப் பண்ணைவீடு, பவ் பீச் நீர்த்தேக்கம் வந்தபோது மூழ்க இருந்தது. 1960களின் இறுதியில் சட்டம் சட்டமாகக் கழற்றினார்கள். இன்று மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சன்னலில் கண்ணாடி இல்லை, மரக்கட்டைகளும் கதவும்தான். சுவர், வரிச்சு கட்டிப் பூசிய மண். கூடத்தின் நடுத்தரையில் தீ. புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியே கசிந்து போகும்.

கறுப்பு வெள்ளையா? பல இடங்களில் அது 19-ஆம் நூற்றாண்டின் மோகம். குறிப்பாகத் தென்கிழக்கில் ஓக்கை அப்படியே விட்டு நரைக்கவிட்டார்கள், அல்லது சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். எனக்கு அந்த நரைதான் பிடிக்கும்.

அடுத்த முறை போனால், பரணில் ஏறிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கைமரங்களில் கரி படிந்திருந்தால், அங்கே புகைபோக்கி பின்னால் வந்தது என்று வீட்டுக்காரரிடம் தைரியமாகச் சொல்லலாம்.