சஸ்காட்சவானில் பத்து ஏக்கர் வீடு: விலைக்கு முன்னால் சாலையைப் பாருங்கள்

கேள்வி: டொரொன்டோவில் வசிக்கிறோம். கணவருக்கு சஸ்காட்சவானில் ஒரு சிற்றூரில் விவசாய இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்கு வெளியே பத்து ஏக்கரோடு ஒரு வீடு விற்பனைக்கு இருக்கிறது. இங்கே ஒரு சின்ன காண்டோ (அடுக்குமாடி வீடு) விற்கும் விலையில் பாதிகூட இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். வாங்கலாமா?

பதில்: வேலையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 2021 கணக்கெடுப்பின்படி அந்த மாகாணத்தில் சுமார் 34,000 பண்ணைகள். சராசரியாக ஒரு பண்ணைக்கு 1,700 ஏக்கருக்கு மேல். ஒரு குடும்பம் அத்தனை நிலத்தையும் உழுது அறுப்பது இயந்திரத்தை நம்பித்தான். ஆனால் மே மாத விதைப்பிலும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அறுவடையிலும் உங்கள் கணவர் வீட்டில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. நடு வயலில் கம்பைன் என்ற அறுவடை இயந்திரம் நின்றுவிட்டால் இரவு பத்து மணிக்கும் கூப்பிடுவார்கள். அந்த மாதங்களில் பிள்ளைகளும் வீடும் உங்கள் பொறுப்பு. அதை மனதில் வைத்தே வீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

ஊருக்கு வெளியே என்றால் நீங்கள் ஒரு ஊரக நகராட்சிக்குள் வருகிறீர்கள். ‘ஆர்.எம்.’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சஸ்காட்சவானில் இப்படி 296 இருக்கின்றன. பொதுவாகப் பதினெட்டு மைலுக்குப் பதினெட்டு மைல் பரப்பு. பலவற்றில் மொத்த மக்களே சில நூறு பேர்தான். ரீவ் என்ற தலைவர், வட்டத்துக்கு ஒரு கவுன்சிலர், அலுவலகத்தை நடத்தும் ஒரு நிர்வாகி. குப்பை வண்டி, நடைபாதை, தெருவிளக்கு என்று நகரத்துப் பழக்கத்தில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். விளைந்த தானியம் வயலிலிருந்து எலிவேட்டர் எனப்படும் தானியக் கிடங்குக்குப் போய்ச் சேர சாலை வேண்டும், ஆர்.எம். செலவில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

அதனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது சாலையை. அங்கே நிலம் முழுவதும் ஒரு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டது. சதுரம் 640 ஏக்கர், அதில் கால்பங்கு 160 ஏக்கர். வடக்கு தெற்காக மைலுக்கு ஒரு சாலைக்கும், கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒரு சாலைக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். விட்ட இடத்தில் எல்லாம் சாலை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. வரைபடத்தில் கோடாகத் தெரிவது நேரில் சரளை போட்டு உயர்த்திய நல்ல சாலையாகவும் இருக்கலாம், மழை பெய்தால் சக்கரம் இறங்கிவிடும் வெறும் மண் தடமாகவும் இருக்கலாம். பனி விழுந்தால் அதைத் தள்ளும் கிரேடர் வண்டி முதலில் முக்கியச் சாலைகளுக்கும் பள்ளிப் பேருந்து வழிக்கும் போகும். உங்கள் வாசலிலிருந்து சாலை வரை உள்ள பாதை உங்கள் பொறுப்பு. அது கால் மைல் நீளமாக இருந்தால் டிராக்டரோ, காசுக்குத் தள்ளித் தரும் பக்கத்து வீட்டுக்காரரோ வேண்டும். ஆர்.எம். நிர்வாகியிடமே நேராகக் கேளுங்கள்: இந்தச் சாலைக்குப் பனிக்காலத்தில் கிரேடர் வருமா, எத்தனையாவது வரிசையில்? பள்ளிப் பேருந்து வாசலுக்கு வருமா?

அப்புறம் தண்ணீர். கிணறா, டகவுட் எனப்படும் வெட்டுக்குட்டையா, லாரியில் வாங்கி நிரப்பும் தொட்டியா, குழாய்த் திட்டமா? கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். நைட்ரேட், சல்பேட், பாக்டீரியா மூன்றையும் பரிசோதிக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வறட்சி ஆண்டில் டகவுட் வற்றியதா என்று பக்கத்துப் பண்ணையில் விசாரியுங்கள். மறைக்காமல் சொல்வார்கள்.

வரியில் ஒரு விஷயம் புதிதாக வருபவர்களைக் குழப்பும். விவசாயி குடியிருக்கும் வீட்டுக்கு, அவருடைய நிலத்தின் வரி மதிப்பு அளவுக்கு விலக்கு உண்டு. மூவாயிரம் ஏக்கர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு வரியே கட்டாமல் இருக்கலாம். பத்து ஏக்கர்க்காரரான நீங்கள் கட்டுவீர்கள். இது அநியாயம் இல்லை, அவர் நிலத்துக்குக் கட்டுகிறார். பழைய பாக்கி நிலத்தோடு சேர்ந்து உங்கள் தலையில் விழும் என்பதால், வாங்கும் முன் வரிச் சான்றிதழ் கேளுங்கள்.

மாகாணத்தின் ஊர்களை இணைத்த அரசுப் பேருந்து 2017 மே 31-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இரண்டு வண்டி இல்லாமல் முடியாது. இரண்டிலும் எஞ்சின் சூடேற்றி இருக்க வேண்டும். மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவில் அவசரப் பிரிவு திறந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். 1993-இல் 52 சிறிய மருத்துவமனைகள் உள்நோயாளி சிகிச்சையை இழந்தன. எனக்கு இது வருத்தமான விஷயம். ஏனென்றால் 1914-ஐ ஒட்டி சார்னியா என்ற ஆர்.எம். தன் மக்களின் வரிப்பணத்தில் சம்பளம் கொடுத்து மருத்துவரை வைத்துக்கொண்டது இதே மாகாணத்தில்தான். கனடாவின் பொது மருத்துவக் காப்பீட்டுக்கு வேர் அங்கே இருக்கிறது.

தீயணைப்புப் படை பெரும்பாலும் தன்னார்வலர்கள். வந்து போனால் பில் வரக்கூடும், வீட்டுக் காப்பீட்டுத் தொகையும் தூரத்தைப் பொறுத்து ஏறும்.

அங்கே எல்லாருடைய வருமானமும் கடைசியில் பயிர்தான்: கோதுமை, கனோலா என்ற எண்ணெய் வித்து, பட்டாணி, நாம் கறிவைக்கும் மைசூர் பருப்பு. 2017 இறுதியில் இந்தியா பட்டாணிக்கு 50 சதவீதமும் மைசூர் பருப்புக்கு 30 சதவீதமும் இறக்குமதி வரி போட்டபோது அந்த விவசாயிகளுக்கு நல்ல அடி. அப்படிப்பட்ட ஆண்டில் புது இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போட்டு, இருப்பதைப் பழுதுபார்ப்பார்கள். உங்கள் கணவரின் வேலை தாக்குப்பிடிக்கும். ஆனால் வீட்டை விற்க வேண்டி வந்தால் ஆள் கிடைக்க நாளாகும். அந்தக் குறைந்த விலைக்கு ஒரு காரணம் இதுதான்.

என் யோசனை: முதல் பனிக்காலம் ஊருக்குள் வாடகைக்கு இருங்கள். அந்த நாலைந்து மாதத்தில், மைனஸ் 30 குளிரில் ஒரு காலை எட்டு மணிக்கு அந்த வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால், தண்ணீர்ப் பரிசோதனையும் கழிவுநீர்த் தொட்டிச் சோதனையும் சரியாக வந்தால்தான் வாங்குவோம் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போடச் சொல்லுங்கள். வழக்கறிஞரை டொரொன்டோவிலிருந்து பிடிக்காமல், பண்ணை நிலம் பதிந்து பழகிய அந்தப் பக்கத்து ஆளாகப் பாருங்கள்.