தோலைப் பார்த்து நோய் சொன்ன தெரு

கேள்வி: வெளித்தோற்றத்தை வைத்து ஒருவரை எடைபோடுவதால் அப்படி என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

என் அக்காவுக்கு 14 வயதில் உதட்டோரம் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. தேமல் என்று அம்மா விட்டுவிட்டார். விரல் நுனிகளிலும் வந்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மருத்துவர் அக்காவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சுத் திரியால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார். "தொடும்போதெல்லாம் சொல்லும்மா." ஒன்றுகூட விடாமல் சொன்னாள். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மரத்திருக்கும், இவளுக்கு அப்படி இல்லை என்றார் மருத்துவர். தோலுக்கு நிறம் தரும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது, யாருக்கும் ஒட்டாது என்று அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்.

எங்கள் தெருவுக்கு இந்தச் சோதனையெல்லாம் தேவைப்படவில்லை. பார்த்ததுமே வெண்குஷ்டம் என்றார்கள். அந்தப் பெயரே பாதி வினை. குஷ்டம் என்ற சொல் அதற்குள் இருக்கும்வரை எந்த விளக்கமும் காதில் ஏறாது. வெண்புள்ளி என்று சொல்லுங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

கடைக்காரர் மீதிச் சில்லறையை அக்கா கையில் தராமல் மேசைமேல் வைப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் அவள் பாயசம் ஊற்றப் போனபோது, உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் இலைமேல் கையை விரித்து மூடிக்கொண்டார். போதும் என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்து வேறொருத்தி வாளியோடு வந்ததும் கையை எடுத்துவிட்டார். அக்கா அதற்கப்புறம் எந்தப் பந்தியிலும் பரிமாறியதில்லை. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். வரன்கள் தட்டிப்போன கதையை நான் சொல்ல வேண்டியதில்லை.

உலகப் புகழ் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடிவதில்லை. மைக்கேல் ஜாக்சன் 1993இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் பேட்டியில் தனக்கு நிறமிழப்பு நோய் இருப்பதாகச் சொன்னார். அப்படியும் பலர் நம்பவில்லை, வெள்ளைக்காரராக ஆசைப்பட்டுத் தோலை மாற்றிக்கொண்டார் என்றே பேசினார்கள். 2009இல் அவர் இறந்த பிறகு, பிரேதப் பரிசோதனை அவர் சொன்னது உண்மைதான் என்று காட்டியது. அவர் இறந்த ஜூன் 25ஆம் தேதியைத்தான் இப்போது உலக வெண்புள்ளி தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

ஆனால் கெடுதல் என்றதும் எனக்கு அக்காவைவிட முதலில் நினைவுக்கு வருபவர் எங்கள் தெருவில் இருந்த தையற்கார அண்ணன். அவருக்கு முழங்கைக்குக் கீழே நிறம் வெளுத்த ஒரு தேமல் இருந்தது. ஊசி பட்டால்கூட அந்த இடத்தில் தெரியாதாம். உண்மையான தொழுநோய் அவருக்குத்தான். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். மருந்து தொடங்கிவிட்டால் பிறருக்குத் தொற்றும் பயமும் போய்விடும். அவரோ இரண்டு வருடம் சட்டைக்கையை இறக்கிவிட்டு மறைத்தே வைத்திருந்தார். மருத்துவமனைக்குப் போவதற்குள் நரம்பு கெட்டு, வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கிவிட்டன.

ஏன் அண்ணே முதலிலேயே காட்டவில்லை என்று அம்மா கேட்டார். "உங்க பொண்ணை இந்தத் தெரு என்ன பாடு படுத்துச்சுன்னு பார்த்துக்கிட்டுத்தானேக்கா இருந்தேன்" என்றார். மாத்திரையில் நோய் குணமாகிவிட்டது. மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் அடுத்த வருடமே கடையை மூடினார்.